ஆரல்வாய்மொழிக் காற்றும் ஓரிகன் எரிமலை மணலும்

நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் காலையில் என்னோடு ஓட வருகிற பெண்களில் பலருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில். விசா கைக்கு வந்ததும் குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "அங்க போயும் ஓட முடியுமா அக்கா?" என்பதுதான். நியூ ஜெர்சி, டெக்சாஸ் என்று போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவும் நடைபாதையும் இருக்கும், ஓடிக்கொள்ளலாம். மேற்கே ஓரிகன், ஐடஹோ, நெவாடா என்று உயர்நிலப் பாலைப் பக்கம் போகிறவர்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது. என் மகள் இருப்பது ஓரிகன் மாநிலத்தின் நடுவில் பென்ட் என்ற ஊரில். அந்த ஊருக்குக் கிழக்கே, எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் நிலத்தில் ஒரு சுற்றுப்பாதையில் ஓடிவருவது எனக்குப் பழக்கமானது. அதற்குக் கைகொடுத்தது ஸ்டேடியம் அல்ல, பக்கத்து மலைக்கணவாயில் இருக்கும் ஆரல்வாய்மொழி.

மழைக் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். தென்மேற்குப் பருவமழை பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, தோவாளையைத் தாண்டும்போது வெறும் காற்றாகிவிடும். கணவாய்க்கு இந்தப் பக்கம் வயலும் தென்னையும்; அந்தப் பக்கம் முப்பந்தலில் உடைமரமும் பனையும் காற்றாலைக் காத்தாடியும். ஓரிகனிலும் இதே கதைதான். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகம் காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே மழையை இறக்கிவிடும். கிழக்கே இருக்கும் பென்டுக்குக் கிடைப்பது மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர். பாலை என்றதும் ஒட்டகமும் மணல்மேடும் நினைவுக்கு வர வேண்டாம். இடுப்பளவு சாம்பல் நிறப் புதர், முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிபர் மரங்கள், இடையிடையே கருத்த பாறை, அவ்வளவுதான். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். நம் மகேந்திரகிரி உச்சியே 1,654 மீட்டர்தான் என்பதை வைத்து அளந்துகொள்ளலாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. போன புதிதில் மேடு ஏறும்போது மூச்சு சீக்கிரம் வாங்கும். முதல் வாரம் வேகத்தைப் பற்றி யோசிக்காமல் மெதுவாக ஓடினால் தானாகச் சரியாகிவிடும். உயரத்தைவிடப் படுத்துவது வறட்சி.

அந்த வறட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓட்டத்துக்கு அளவுகோல் வேர்வை. ஸ்டேடியத்தில் ரெண்டு மூணு சுற்று முடிவதற்குள் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "இன்னைக்கு நல்லா வேர்த்துட்டு" என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் திருப்தி. தாகமும் வேர்வையும் சேர்ந்தே வரும், தண்ணீர் குடிக்க யாரும் சொல்ல வேண்டியதில்லை. பென்டில் கோடை மதியங்களில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம். வேர்வை தோலுக்கு வருகிற வேகத்திலேயே ஆவியாகிவிடும். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நெற்றியைத் தொட்டால் காய்ந்திருக்கும். விரலில் நறநறவென்று ஏதோ ஒட்டும். அது உப்பு. காதோரம், கழுத்தோரம், தொப்பியின் உள்விளிம்பு எல்லாவற்றிலும் வெள்ளைக் கோடு. "அத்தை, புத்தளம் உப்பளத்துல வேலைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் மருமகன். அவருக்குச் சொந்த ஊர் சாமிதோப்பு. வேர்க்கவே இல்லையே, தண்ணீர் எதற்கு என்று உடம்பு நம்மை ஏமாற்றுகிற இடம் அது. தாகம் எடுத்த பிறகு குடிப்பது என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒத்திகை பார்க்கலாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழியில் பொய்கை அணைப் பக்கம் போகிற பாதையில் ஓடிப் பாருங்கள். கணவாய்க்குள் நெருங்கி நுழைகிற காற்று வேர்வையைத் துடைத்துக்கொண்டே போகும். நாகர்கோவிலில் ஓடியதைவிடச் சுலபமாக இருந்ததே என்று தோன்றும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைவலி பிடிக்கும், சிறுநீர் மஞ்சளாகப் போகும். ஓடுகிறவர்கள் நம்ப வேண்டிய அளவுகோல் அந்த நிறம்தான். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர்ந்த மஞ்சள் என்றால் மறுநாள் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு முதலில் தண்ணீரைக் கவனிக்க வேண்டும்.

என் வேகத்துக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர் சுற்று என்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துப்போவேன். கால் மணிக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்து இரண்டு மடக்கு குடிப்பேன், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீரை மட்டும் ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றும், குமட்டும். அங்கே கடையில் இதற்கென்று கலர் கலராக மாத்திரையும் பொடியும் விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் மனசு வராது. நம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஓஆர்எஸ் பொட்டலம் போதும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ருசி போதவில்லை என்று அரை லிட்டரில் கரைக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தை இங்கேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அப்புறம், நான் கையோடு வைத்திருந்தது ஏத்தங்காய் சிப்ஸும் ஒரு துண்டு கருப்பட்டியும். உப்பும் இனிப்பும் ஆச்சு. அதற்கு ஈடான ஒரு எனர்ஜி பாரை நான் இன்னும் தின்னவில்லை.

மூக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. ஓடும்போது அந்தக் காய்ந்த காற்று உள்ளே போய்ப்போய் மூக்கின் உட்புறம் வெடிக்கும். காலையில் கைக்குட்டையில் ரத்தப் பொட்டு தெரிந்தால் பதற வேண்டாம். இரவு படுக்கும்போது சுண்டுவிரலில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு உள்ளே தடவினால் அடங்கிவிடும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் அதே எண்ணெய்.

இனி பாதை. ஓரிகன் பேட்லாண்ட்ஸ் என்று பெயர். பென்டிலிருந்து 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் சாலையோரத்திலேயே வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. 2009-இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டுநிலமாக அறிவித்தார்கள். மோட்டார் வண்டி கிடையாது, சைக்கிள்கூடக் கூடாது. நடக்கலாம், ஓடலாம், குதிரையில் போகலாம். பழைய ஜூனிபர் மரங்களுக்கிடையே ஒரு சிறிய சுற்று இருக்கிறது. அதையே ஃபிளாட்அயர்ன் பாறை வரை நீட்டிக்கொள்ளவும் செய்யலாம். உள்ளே குழாயும் கிடையாது, கடையும் கிடையாது. ஆரல்வாய்மொழியில் என்றால் எந்த முக்கிலும் ஒரு டீக்கடை உண்டே என்ற தைரியத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும்.

தரையைப் புரிந்துகொண்டால் ஓட்டம் சுலபம். எரிமலைக் குழம்பு பரவி வரும்போது மேல்தோல் முதலில் ஆறி இறுகிவிடும், உள்ளே குழம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். உள் அழுத்தம் கூடக்கூட அந்த ஓடு உப்பி மேலெழும்பி நடுமுதுகில் நீளமாகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த மேடுகள்தான் வழிநெடுக நிற்கின்றன. ஃபிளாட்அயர்ன் பாறையில் அந்தப் பிளவுக்குள்ளேயே நடந்து போகலாம். இந்தக் கல்லில் வாயுக் குமிழி உடைந்த துளைகள் நிறைய இருப்பதால் விளிம்பெல்லாம் கூர்மை. நம் மலைப் பாறையின் கறுப்பைப் பார்த்து அதையும் எரிமலைப் பாறை என்பார்கள் சிலர். அது பூமிக்குள் ஆழத்தில் உருவான சார்னோக்கைட், வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். நம் பாறை சாரல் விழுந்தால் வழுக்கும், ஆனால் கையைக் கிழிக்காது. அங்கே பாறை காலைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. சும்மா கை ஊன்றினாலே உள்ளங்கைத் தோல் போய்விடும். அதனால் பாறைமேல் ஏறும் இடங்களில் நான் நடைதான். மெல்லிய கையுறை ஒன்று இடுப்புப் பையில் இருக்கும். துளைக்குள்ளும் பிளவுக்குள்ளும் பார்க்காமல் கையை விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அந்தப் பகுதியில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. முப்பந்தல் பக்கம் சுருட்டை விரியனுக்குப் பயந்து பழகிய நமக்கு இது புதிதல்ல.

பாறை கொஞ்ச தூரம்தான், மிச்சமெல்லாம் மணல். அந்த மணல் பெரும்பாலும் வேறோர் எரிமலையின் சாம்பல். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் தெற்கே மசாமா என்ற மலை வெடித்துத் தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அந்தக் குழியில் இன்று இருப்பது 594 மீட்டர் ஆழமுள்ள கிரேட்டர் லேக், அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. அன்று பறந்த சாம்பலும் நுரைக்கல் துகளும் காற்றில் அடித்து வந்து பாறைகளுக்கிடையே படிந்திருக்கின்றன. மகள் வீட்டுத் தோட்டத்தில் கிடந்த நெல்லிக்காய் அளவு நுரைக்கல் ஒன்றைப் பேத்தி என் தண்ணீர் டம்ளரில் போட்டாள். மிதந்தது. அன்றைக்கெல்லாம் அவளுக்கு அதுதான் விளையாட்டு. அவ்வளவு லேசான பொருள் என்பதால்தான் காலுக்கு அடியில் அமுங்காமல் விலகிப் போகிறது. மணவாளக்குறிச்சியின் கனமான கருமணலில், அதுவும் அலை நனைத்த ஓரத்தில், தார் ரோடு மாதிரியே ஓடலாம். பேட்லாண்ட்ஸ் மணலில் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பின்னுக்கு வழுக்கும்.

சங்குத்துறை கடற்கரையில் ஈர மணலை விட்டுவிட்டு மேலே காய்ந்த மணலில் ஓடிப் பழகினால் இதற்குச் சரியான பயிற்சி. கெண்டைக்கால் இரண்டு நாள் வலிக்கும், பிறகு பழகும். அடியை எட்டி வைக்காமல் சின்னச் சின்னதாக வைக்க வேண்டும், குதிகாலைக் குத்தாமல் பாதத்தை முழுதாகப் பதிக்க வேண்டும். பொடிமணல் ஷூவின் வலைத்துணி வழியாகவே உள்ளே போய்விடும். கணுக்காலை மூடுகிற துணி உறை ஒன்று அங்கே கடைகளில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். ஷூவும் முன்புறம் நெருக்கமாகத் துணி வைத்ததாக, அரை அளவு பெரியதாக இருக்கட்டும். இங்கே ரோட்டில் ஓடுகிற ஷூவே போதும், தனியாக மலையேற்ற ஷூ வேண்டும் என்பது எனக்குப் படவில்லை. மருமகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

மணல் கஷ்டம் என்று பாதையை விட்டுப் பக்கத்துத் தரையில் ஏறி ஓடத் தோன்றும். கூடாது. புதர்களுக்கிடையே கறுப்பாக, மொரமொரவென்று இருக்கிற மேல்மண் உயிருள்ளது. பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து பின்னி மண்ணைக் காற்றடித்துப் போகாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதியில் நொறுங்கும், மறுபடி படிய எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

சுற்றுப்பாதையில் எந்தப் பக்கம் தொடங்குவது என்பது சின்ன விஷயமல்ல. ஆரல்வாய்மொழியில் இதற்கு எங்களுக்குள் சண்டையே வரும். சிலருக்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஜாலியாகத் தொடங்க வேண்டும். நான் எதிர்க்காற்றில்தான் தொடங்குவேன். முதுகுக்காற்று முதல் பாதியில் நம் பலத்தை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். திரும்பி வரும்போது, களைத்த காலோடு, காத்தாடிகளைச் சுழற்றுகிற அதே காற்றை நெஞ்சில் வாங்க வேண்டிவரும். ஆசியாவின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்றை அங்கே சும்மா வைக்கவில்லை. திருவிதாங்கூர்க் கோட்டைச் சுவரின் மிச்சம் இன்னும் அந்தக் கணவாயில் கிடக்கிறது. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் படையை வென்று ஆங்கிலேயர் திருவிதாங்கூருக்குள் நுழைந்த வழியும் அதுதான். மலைக்கு நடுவே இருக்கிற ஒரே வாசல் என்றால் படையும் காற்றும் அங்கேதானே வரும்.

முதுகுக்காற்றில் இன்னொன்றும் உண்டு. காற்றின் வேகமும் நம் வேகமும் ஒன்றாக இருந்தால் உடம்பில் காற்றே படாது. வேர்வை காயாது, சூடு ஏறும். ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று நம்மைவிட எத்தனையோ மடங்கு வேகம் என்பதால் இது தெரியாது. பென்டில் காலை ஒன்பது மணி வாக்கில் லேசாக எழுகிற காற்றில் நன்றாகவே தெரியும். அங்கே வெயில் ஏறுவதற்கு முன் சுற்றை முடித்துவிடுவது ஒன்றுதான் வழி. கடும் மணல் பகுதியை முதலில், கால் புதிதாக இருக்கும்போதே கடந்துவிடுகிற பக்கமாகத் தொடங்குவேன்.

போன வழியே திரும்புகிற பாதையில் கஷ்டம் தெரிந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் நடுவை நெருங்கிவிட்டால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம், குறுக்கு வழி கிடையாது. அதனால் பாதியைத் தொடும்போது பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. குறைந்திருக்கிறது, இன்னும் பாதி வரவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுவேன். அன்றைக்குச் சுற்று கிடையாது, அவ்வளவுதான்.

வழி தவறுவது அங்கே மிகச் சுலபம். தரை ஏறக்குறைய சமம், எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே ஜூனிபர், அதே பிளந்த மேடு. ஆரல்வாய்மொழியில் தாடகை மலை எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே திசை தெரியும். அங்கே மேற்கில் பனி மூடிய காஸ்கேட் சிகரங்கள் இருக்கின்றன, ஆனால் மரம் மறைத்துவிடும். மேட்டில் ஏறினால்தான் கண்ணுக்குப் படும். போன் சிக்னலையும் நம்ப முடியாது. வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் தெரிகிற காட்சி திரும்பி வரும்போது உதவாது, பின்னால் தெரிவதுதான் உதவும். "அம்மா, கிளம்பும்போது மெசேஜ் போடு, இத்தன மணிக்குள்ள வரலன்னா நான் வண்டிய எடுத்துருவேன்" என்பது மகளின் கட்டளை. "சரி மக்களே" என்று அடங்கிப் போனேன். தனியாக ஓடுகிற எந்தப் பெண்ணுக்கும் எந்த ஊரிலும் அது நல்ல ஏற்பாடு.

சூரியனைப் பார்த்துத் திசை சொல்கிற நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நாகர்கோவில் இருப்பது 8 டிகிரி வடக்கில். சித்திரையிலிருந்து ஆவணி நடு வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. பென்ட் 44 டிகிரி வடக்கில். அங்கே ஆண்டு முழுக்க உச்சி வெயில் தெற்கேதான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள், அதனால் உச்சிப் பொழுது பகல் ஒரு மணி வாக்கில் வரும். நிழல் அப்போது நேர் வடக்கே விழும்.

குளிரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள் என்பதால் சுருக்கமாக: ஜூன் மாதக் காலையில்கூட 5 டிகிரி இருக்கலாம், அதே நாள் மதியம் 27 போகும். முழுக்கை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிளம்பி, சூடேறியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வது எளிது. பருத்திச் சுடிதாரை நான் விடவில்லை. அந்த வறட்சியில் அது ஈரமாகி ஒட்டுவதே இல்லை.

ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு விஷயம். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஷூ அடியில் குத்தியதைப் பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சி. நம் நெருஞ்சியேதான், அதே செடி. அங்கே அதை ஆட்டுத்தலை என்கிறார்கள், சைக்கிள்காரர்கள் அதன் பெயரைச் சொன்னாலே பல்லைக் கடிக்கிறார்கள். ஓடி முடித்ததும் அடிப்பகுதியைத் தட்டி அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மகள் வீட்டுக் கம்பளத்தில் இறங்கும். இன்னொன்று அந்தச் சாம்பல் நிறப் புதர். இலையைக் கசக்கி முகர்ந்தபோது எங்கேயோ தெரிந்த வாசனை. தேடிப் பார்த்தால் தோவாளைச் சந்தையில் பூச்சரத்துக்கு வாங்குகிற மருக்கொழுந்தும் அதுவும் ஒரே பேரினம், ஆர்ட்டிமீசியா. மழைத் தூறல் விழுந்தால் காடு முழுக்க அந்த வாசனைதான்.

கடைசியாக, எந்த மாதம் போவது. மே, ஜூன் மாதங்கள் எனக்குப் பிடித்தவை. ஜூலை முடிவிலிருந்து செப்டம்பர் வரை சுற்றிலும் காட்டுத்தீ எரியும் காலம், புகை பல நாள் ஊர்மேல் படுத்திருக்கும். நம் ஊரில் மழை வருமா என்று மேகம் பார்ப்பதுபோல அங்கே காலையில் எழுந்ததும் போனில் காற்றுத்தர எண்ணைப் பார்க்கிறார்கள். 100-க்கு மேல் போனால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வெளியே ஓடக் கூடாது. 150-ஐத் தாண்டினால் யாருமே ஓட வேண்டாம். வடசேரியிலிருந்து ஒரு தோழி ஆகஸ்டில் ஐடஹோவின் பாய்ஸி நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். அதுவும் ஸ்னேக் ஆற்று எரிமலைச் சமவெளியை ஒட்டிய காய்ந்த ஊர்தான், புகையும் உண்டு. அவருக்கு ஓஆர்எஸ் பொட்டலமும் தேங்காய் எண்ணெயும் எழுதிக் கொடுத்துவிட்டு, டிக்கெட்டை மே மாதத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.